சௌந்தரபாண்டியன் தோணி வாங்கினார்

இனிமேல் செத்தாலும் அடுத்தவன் படகில் கால் வைப்பதில்லை என்று சௌந்தரபாண்டியன் சபதம் எடுத்தது கொடைக்கானல் ஏரிக்கரையில். சபதம் எடுத்த நேரத்தில் அவருடைய ஒரு கால் அடுத்தவன் படகில்தான் இருந்தது.

அருப்புக்கோட்டை வியாபாரிகள் எல்லாம் சேர்ந்து குடும்பத்தோடு போன டூர் அது. சௌந்தரபாண்டியன் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறவர். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர் இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் மத்தியானம் பூராவும் வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படகுக்குள் வைத்த சமயம், மேலே ரோட்டில் பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கினான். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமாம். படகு முன்னால் நகர்கிறது. பஸ் பின்னால் கூப்பிடுகிறது. சௌந்தரபாண்டியன் நடுவில் கவட்டை விரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய சம்சாரம் கோகிலாம்பாள்தான் கரையிலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள். முதலில் வேட்டி வந்தது. அப்புறம் அவர் வந்தார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. மதுரை தாண்டி, காரியாபட்டி வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. காரியாபட்டியில் திறந்தார்.

"கோகிலா, சொந்தமா ஒரு தோணி வாங்கப் போறேன்."

"வாங்கி?"

"ஓட்டுவேன்."

"எதுல?"

"இது என்ன கேள்வி? தண்ணியிலதான்."

"எந்தத் தண்ணியில?"

மூன்று வருஷமாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்த காலம். பாளையம்பட்டிப் பக்கத்துப் பெரிய கண்மாயில் ஆடு மேய்ந்தது, பள்ளிக்கூடத்துப் பயல்கள் மடையை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள்.

கோகிலாம்பாள் விடவில்லை. "கொல்லையில ஒரு தண்ணித் தொட்டி கட்டிக் குடுங்கன்னு கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கேக்குறேன். தண்ணியே இல்லாத ஊர்ல தொட்டி எதுக்குன்னீக. இப்ப அதே ஊர்ல தோணி எதுக்காம்?"

"தொட்டி வேற, தோணி வேற."

"ஆமா. தொட்டி எனக்கு. தோணி உங்களுக்கு."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டால் சௌந்தரபாண்டியனுக்கு எரிச்சல் வரும். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்துவிட்டார். கோகிலாம்பாள் திருச்சுழிக்காரி. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் அக்கரைக்கு நீந்திப் போய் நீந்தி வந்தவள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த தண்ணீர், விடியுமுன் குடத்தோடு வரிசையில் நின்று, சண்டை போட்டு, இடுப்பொடியச் சுமந்து வருகிற தண்ணீர்தான். அந்த வலி அவள் இடுப்புக்குத்தான் தெரியும். அவருக்குச் சொம்பில் வந்து சேர்ந்த தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

ஊருக்கு வந்ததும் தோணிச் சங்கம் தொடங்கிவிட்டது. சங்கம் என்றால் மூன்று பேர். சௌந்தரபாண்டியன் தலைவர். உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் ராஜகுரு பாதுகாப்புக்கு. சைக்கிள் கடை ஐயாத்துரை ரிப்பேருக்கு. ஐயாத்துரை சின்ன வயதில் ரங்கூனில் இருந்தவர். ஐராவதி ஆற்றைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கூட்டம் நடப்பது கமிஷன் கடைக்குள், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில். அதனால் எந்தத் தீர்மானமும் தும்மல் இல்லாமல் நிறைவேறியதில்லை.

"ஐராவதியில முதலை இருக்கும்ணே," என்பார் ஐயாத்துரை. "தோணிக்கு அடியில வந்து முதுகைச் சொறிஞ்சுக்கிரும். அப்பக் கையைத் தண்ணிக்குள்ள... அச்சு!... விடவே கூடாது."

"நம்ம கண்மாயில முதலை கெடையாதே," என்பார் சௌந்தரபாண்டியன்.

"கெடையாட்டியும் விடக்கூடாது. பழக்கம்னு ஒண்ணு வேணும்ல."

"கரெக்ட்டு," என்பார் ராஜகுரு. "டிசிப்ளின் முக்கியம். நான் ஒரு விசில் அடிச்சா எல்லாரும் உக்காரணும். ரெண்டு விசில் அடிச்சாத் துடுப்பைத் தூக்கணும். மூணு அடிச்சா... அச்சு!"

"மூணு அடிச்சா?"

"மூணு அடிச்சா நாம கவுந்துட்டோம்னு அர்த்தம்."

கவிழ்ந்த பிறகு விசிலை யார் அடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது. அந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சங்கம் விவாதித்தது.

தோணி தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கருவாட்டு லாரியில் வந்து இறங்கியது. தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. வீட்டு முன்பக்கம் கடை. உள்ளே போனால் ஒன்றுக்கொன்று நேராக இல்லாத மூன்று வாசல்படி. அந்த வழியாகப் பலா மரக்கட்டில் போவதற்கே பாடு. ஆகவே பின் சந்துக்குக் கொண்டுபோய், வத்தல் வண்டி உள்ளே வருவதற்காக அவருடைய அப்பா வைத்த வண்டி வாசல் வழியாக, எட்டுப் பேர் தூக்கி நேராகக் கொல்லைக்குள் இறக்கினார்கள். கொல்லைக்கு ஒரு பக்கம் கோகிலாம்பாளின் அண்ணன் வத்தல் கோடவுன் சுவர், இரண்டு ஆள் உயரம். மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், அதுவும் சளைத்ததில்லை. நடுவில், முட்டுக் கொடுத்த கட்டைகள் மேல், பச்சைப் பெயிண்ட் அடித்த தோணி கம்பீரமாக உட்கார்ந்தது.

கோகிலாம்பாள் இடுப்புக் குடத்தை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி இருக்கு?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"நாறுது."

"அது கருவாட்டு வாடை. ரெண்டு நாள்ல போயிரும்."

"நான் தோணியச் சொல்லல. உங்க புத்தியச் சொன்னேன்."

கருவாட்டு வாடை போவதற்கு முன்னால் தோணியே போய்விடும்போல ஆயிற்று. அது கடலில் ஊறிக் கிடந்த கட்டை. அருப்புக்கோட்டை வெயில் அதைத் தனக்குத் தெரிந்த வழியில் வரவேற்றது. பலகைகள் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. சௌந்தரபாண்டியன் உள்ளே உட்கார்ந்து குனிந்து பார்த்தால், பலகை இடுக்கு வழியாக அடியில் கோழி மேய்வது தெரிந்தது. கோழியும் அண்ணாந்து அவரைப் பார்த்தது.

ரிப்பேர் கமிட்டி கூடியது. இடுக்குகளில் பஞ்சைத் திணித்தார்கள். எண்ணெயில் குங்கிலியம் காய்ச்சிப் பூசினார்கள். மறுநாள் வெயிலில் பஞ்சு தனியாக, குங்கிலியம் தனியாக உதிர்ந்து கிடந்தது. ஐயாத்துரை தன் தொழிலைக் காட்டினார். டியூபை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தோணிக்குப் பஞ்சர் ஒட்டினார். மத்தியானத்துக்குள் ஒட்டுகளெல்லாம் அப்பளம்போல் எழும்பிவிட்டன.

"எங்க எங்க ஒழுகுதுன்னு தெரியாம ஒட்டுனா இப்பிடித்தான்," என்றார் ஐயாத்துரை. "டியூபுன்னா தண்ணிக்குள்ள முக்குவோம். கொமிழி வர்ற எடத்துல ஒட்டுவோம்."

"தோணிய முக்குறதுக்கு இங்க ஏது தண்ணி?" என்றார் ராஜகுரு.

மூவரும் யோசித்தார்கள். யோசித்து மூவரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். தும்மி முடித்ததும் ஐயாத்துரைக்கு வெளிச்சம் வந்தது.

"தோணியத் தண்ணிக்குள்ள முக்க முடியாட்டி என்ன? தண்ணியத் தோணிக்குள்ள ஊத்துவோம்! ஒழுகுற எடமும் தெரியும். பலகையும் ஊறி உப்பி இடுக்கெல்லாம் அடைஞ்சுக்கிரும்!"

ராஜகுரு எழுந்து கை கொடுத்தார். சௌந்தரபாண்டியன் மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குடிக்கிற தண்ணீரையே ஒரு டம்ளர் கூடக் கேட்டால் முறைக்கிறவளிடம், தோணி நிறையத் தண்ணீர் என்று யார் போய்ச் சொல்வது? மூன்று பேரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள்.

கோகிலாம்பாள் அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது புத்தம்புதுத் தோணித் துடுப்பு. களிக்கு இதைவிட வாகான துடுப்பு இல்லை என்று அவள் அதை முன்னமேயே எடுத்துக்கொண்டுவிட்டாள். சொன்னதையெல்லாம் கேட்டாள். துடுப்பு ஒரு நிமிஷம் களிக்குள் நின்றது.

"தோணி நெறையவா?"

"விளிம்பு வரைக்கும் மதினி," என்றார் ஐயாத்துரை.

"எத்தனை நாளைக்கு?"

"கண்மாய் பெருகுற வரைக்கும். ஒரு நாள் வத்துனாலும் பலகை மறுபடியும் வாயைப் பொளந்துரும்."

"ஆரு கொண்டாந்து ஊத்துறது?"

"நாங்கதான் தங்கச்சி," என்றார் ராஜகுரு. "எங்க பொறுப்பு. உனக்குக் கஷ்டமே குடுக்க மாட்டோம்."

"அப்பச் சரிண்ணே," என்றாள் கோகிலாம்பாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கோகிலாம்பாள் சும்மா இருந்தால் பயப்பட வேண்டும் என்பது சௌந்தரபாண்டியனுக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். ஆனால் தோணி ஆசை கண்ணை மறைத்தது. "பாத்தீகளா, மனசு மாறிட்டா," என்று கடைக்குப் போய்ப் பெருமையடித்தார்.

அன்று தொடங்கியது கூத்து. ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் வந்தது. வண்டி வராத நாளில் ராஜகுரு சைக்கிள் கேரியரில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு பஜார் வழியாக மிதித்தார். முதலில் ஊற்றின தண்ணீரெல்லாம் ஒழுகிக் கொல்லை சகதியானது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை உப்பியது. ஒழுக்கு நின்றது. ஒரு காலையில் வந்து பார்த்தால் தோணி விளிம்பு தட்டி நிற்கிறது. வெளியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா ஊரிலும் தண்ணீரில் தோணி இருக்கும். அருப்புக்கோட்டையில் தோணியில் தண்ணீர் இருந்தது.

தண்ணீர் நின்றால் ஜீவராசிகள் தானாக வரும். முதலில் தவளை வந்தது. பிறகு தட்டான். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு மீன்கொத்தி வந்து தோணி விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு பறந்து போயிற்று. ராஜகுரு அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார். மீன்கொத்தி மனசு நோகக்கூடாது என்று நாலு கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டார்.

எல்லாம் சரி. ஒன்றுதான் பிடிபடவில்லை. சாயங்காலம் விளிம்பு வரை ஊற்றினால் மறுநாள் சாயங்காலம் பாதிதான் இருக்கும். ஒழுக்கு கிடையாது, தரை காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் எங்கே போகிறது?

"ஆவியாகுது," என்றார் ராஜகுரு.

"இம்புட்டா ஆவியாகும்?"

"நம்ம ஊர் வெயிலு சார் அது. ஆளே ஆவியாகிப் போறான்."

"தவளை குடிக்குதோ?" என்றார் ஐயாத்துரை.

"ஐராவதியில தவளை தண்ணி குடிக்குமாப்பா?"

"அங்க கவனிக்கல. முதலையக் கவனிக்கவே நேரம் சரியாப்போச்சு."

ஆவியோ, தவளையோ, குறைந்ததை நிரப்பித்தானே ஆகவேண்டும். மூன்று பேரும் முதுகொடிய ஊற்றினார்கள். ராஜகுரு இளைத்துப்போனார். ஐயாத்துரை கடையைப் பாதிநாள் பூட்டிப்போட்டார்.

நெஞ்செரிச்சல் என்று ஒருநாள் சௌந்தரபாண்டியன் மத்தியானம் சீக்கிரமாகச் சாப்பிட வந்தார். கொல்லைப்பக்கம் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் தோணியைச் சுற்றித் தெருப் பெண்கள். பொன்னுத்தாய் துணி அலசுகிறாள். வெள்ளைத்தாய் குடத்தை முக்குகிறாள். நடுவில் கோகிலாம்பாள் தலை குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டு மகாராணி மாதிரி நிற்கிறாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் அவள் நிறையத் தண்ணீர் விட்டுத் தலை குளித்து அவர் பார்த்ததில்லை. ஒரு கணம் அழகாகத்தான் இருந்தாள். மறுகணம் கோபம் வந்தது.

"அடிப்பாவி! நாங்க ஆவி ஆவின்னு செத்துக்கிட்டிருக்கோம். தோணித் தண்ணியத் திருடுறியா?"

"திருட்டா? உங்க தோணிய நான் காவந்து பண்ணிக்கிட்டிருக்கேன். மலேரியாக்காரரு வந்துட்டுப் போனாரு, தெரியுமா? தேங்குன தண்ணியில கொசு முட்டை போடும், மருந்தை ஊத்தவான்னாரு. ஊத்தச் சொல்லட்டா? பச்சைப் பெயிண்டு பல்லிளிச்சுரும். கெண்டையெல்லாம் செத்து மெதக்கும். வேணாம் சார், அன்னன்னைக்குத் தண்ணிய எடுத்துட்டு எங்க வீட்டுக்காரரு புதுத் தண்ணி ஊத்துவாருன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இப்ப என்ன, எடுக்கவா, வேணாமா?"

சௌந்தரபாண்டியன் தோணிக்குள் எட்டிப் பார்த்தார். கெண்டை ஒன்று துள்ளியது.

"எடு," என்றார். வேறென்ன சொல்வார்? போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். நெஞ்செரிச்சல் கூடிவிட்டது.

ஐப்பசி கடைசியில் வானம் பிய்த்துக்கொண்டது. மூன்று வருஷத்து மழையைச் சேர்த்து வைத்துப் பெய்தது. பாலவனத்தம் ரோட்டில் பஸ் நின்றுபோயிற்று. ஒருநாள் விடியும்போது ஊரே குடை பிடித்துக்கொண்டு ஓடியது. பெரிய கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறதாம். சௌந்தரபாண்டியனும் ஓடினார். கரையில் ஏறிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். கருவேல மரங்கள் கழுத்தளவு முங்கி நின்றன. எங்கிருந்தோ நீர்க்காகங்கள் வந்து சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு தோணி மட்டும்தான் இல்லை.

அந்தச் சமயம் அவர் மனசில் இருந்ததை வேடிக்கையாகச் சொல்வது பாவம். பிறந்ததிலிருந்து புழுதியும் வத்தல் நெடியுமாக வளர்ந்த மனுஷன். ஒரே ஒரு தடவை, தண்ணீருக்கு நடுவில் மிதந்துகொண்டு கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. மடை திறந்து வயலுக்கு விட்டால் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கிவிடும். மறுபடி எப்போது பெருகுமோ, அப்போது யார் இருப்பார்களோ!

ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ராஜகுருவும் ஐயாத்துரையும். மழை விட்டிருந்தது. கொல்லைக்குள் நுழைந்து பார்த்தால், கெண்டைகளை அண்டாவில் விட்டு, தண்ணீரெல்லாம் வடித்துத் துடைத்த தோணிக்குள், நட்டநடுவில், கோகிலாம்பாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்திரி கோகிலா. தூக்கணும்."

"தூக்குங்க."

"நீ எந்திரிச்சாத்தானே தூக்க?"

"தொட்டி கட்டுங்க. எந்திரிக்கிறேன்."

"இப்பவா? ஊரே வெள்ளக்காடாக் கெடக்கு, இப்பப் போயித் தொட்டியா?"

"ஊர்ல தண்ணி இல்லாதப்பத் தொட்டி எதுக்குன்னீக. தண்ணி வந்தப்புறமும் எதுக்குன்னா நான் எப்பத்தான் கேக்குறது? இத்தனை மாசமாக் கொல்லையில தண்ணி இருந்துச்சு, நானும் மனுசியா இருந்தேன். நீங்க பாட்டுக்குத் தோணியத் தூக்கிட்டுப் போவீக, நான் மறுபடியும் குடத்தத் தூக்கிட்டுப் போகணுமா? என் இடுப்பு போச்சு. மாட்டேன்." அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயமா அழுகையா என்று சௌந்தரபாண்டியனுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்குத் தாங்கவில்லை.

ராஜகுரு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், கட்டித் தொலைங்க. எவ்வளவு சீக்கிரம் கட்டுறமோ அவ்வளவு சீக்கிரம் கண்மாய்."

கொத்தனார் சோலைச்சாமி வந்தார். "முதலாளி, தொட்டிய எந்த எடத்துல கட்ட?"

"அவ எந்த எடத்தச் சொல்றாளோ அந்த எடத்துல கட்டு. பெரிசாக் கட்டு. சீக்கிரமாக் கட்டு. நமக்கு வேற வேலை கெடக்கு."

கோகிலாம்பாள் இடத்தைக் காட்டினாள். தண்ணீர் வண்டி சந்தில் நின்றபடியே ஊற்ற வேண்டும். கொல்லைக்குள் வந்து திரும்பக் கஷ்டப்படக் கூடாது. அதற்கு ஏற்ற இடம். வேலை மளமளவென்று நடந்தது. மழை ஈரத்தில் தோணிப் பலகையும் பிளக்காமல் கிடந்தது. சங்கம் தன் கூட்டத்தைக் கடையிலிருந்து கொல்லைக்கே மாற்றிக்கொண்டது. அடுக்கி வைத்த செங்கல் மேல் உட்கார்ந்து, தோணியை எந்தப் பக்கத்து நீரில் இறக்குவது, முங்கிக் கிடக்கிற கருவேல முள் அடியில் கிழித்தால் என்ன ஒட்டுவது, நீர்ப்பாம்பு ஏறினால் விசில் அடிப்பதா வேண்டாமா என்று விடாமல் பேசினார்கள். சோலைச்சாமி செங்கல் எடுக்க வந்தால் எழுந்து, கட்டி முடித்த செங்கல் வரியின் மேல் போய் உட்கார்ந்து பேசினார்கள்.

சோலைச்சாமி கரண்டியோடு நின்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "முதலாளி, இந்தத் தோணி..."

"ஏம்ப்பா, உனக்குத் தோணியப் பத்தி என்ன தெரியும்? அத நாங்க பேசிக்கிறோம். நீ வரியப் பாரு. கோணாம வை."

"இல்ல முதலாளி, நாளைக்கு..."

"நாளைக்குள்ள முடிச்சிரணும்!"

சோலைச்சாமி வரியைக் கோணாமல் வைத்தார். தொட்டி நெஞ்சு உயரம் எழும்பியது. சிமிண்டு பூசியாயிற்று. ஈரம் காயாமல் ஆறினால்தான் தொட்டி கெட்டிப்படும் என்று, இத்தனை நாள் தோணிக்கு ஊற்றின பழக்கத்தில் சங்கத்தார் மூவரும் தாங்களாகவே முன்வந்து குடம் குடமாகத் தொட்டிச் சுவருக்கு ஊற்றினார்கள். பூச்சு இறுகியதும் கோகிலாம்பாள் தண்ணீர் வண்டியைக் கூப்பிட்டாள். வண்டி சந்தில் நின்றபடியே ஊற்றியது. தொட்டி நிறைந்தது. தெருப் பெண்கள் குலவை போட்டார்கள்.

கண்மாய் அப்போதும் ததும்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துச் சங்கத்தார் வந்தார்கள். தோணி முகப்புக்கு மாலை. சந்தில் இரட்டை மாட்டு வண்டி தயார். கொட்டுக்காரர்கள் தயார். பெரிய கண்மாய்க் கரையில் பாதி ஊர் காத்திருந்தது. ராஜகுரு அரை டிரவுசரில் இருந்தார். மூவர் இடுப்பிலும் லாரி டியூப். எட்டுச் சுமைகாரர்கள் தோணியின் இருபக்கமும் நின்றார்கள்.

கோகிலாம்பாள் நல்ல சேலை கட்டி, தானே ஆரத்தித் தட்டோடு வந்தாள். சந்தோஷமாக அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

ராஜகுரு விசில் அடித்தார். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். மாதக்கணக்கில் ஊறின கட்டை மலையாகக் கனத்தது. ஆனாலும் எழும்பியது. தலைவர் முன்னால் கையை வீசி நடந்தார். நாலு எட்டு வைத்தார். நின்றார்.

எதிரே தொட்டி.

வண்டி வாசலின் நேர் நடுவில், நிலையை அடைத்துக்கொண்டு, புத்தம்புதுசாக, நெஞ்சு உயரத்துக்குத் தொட்டி. ஒரு ஓரத்தில் இடுப்புக் குடத்தோடு ஒரு பெண் ஒருக்களித்து நுழைகிற சந்து. மேலே கல் உத்தரம். தொட்டிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் காக்கா புகுந்து போகலாம். தோணி போகாது.

பூசும்போது பார்த்தார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். இப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஐயாத்துரை..."

"தெரியுதுண்ணே."

"ராஜகுரு சார்..."

ராஜகுரு தன்னை அறியாமல் மூன்று விசில் அடித்தார். சுமைகாரர்கள் தோணியைக் கீழே போட்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் வீண் ஆட்டம். தோணியைச் சரித்துப் பார்த்தார்கள். முகப்பைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டுக்குள் விட்டுப் பார்த்தார்கள். முதல் வாசல்படி தாண்டி இரண்டாவது வாசல்படியில் திரும்பமாட்டேன் என்று நின்றது. கொல்லைக்கே திரும்ப இழுத்து வந்தார்கள். பச்சைப் பெயிண்ட் சுவரெல்லாம் கோடு போட்டதுதான் மிச்சம். கோடவுன் சுவரை இடித்து வழிவிடச் சொல்லி மச்சானுக்கு ஆள் அனுப்பினார். தங்கச்சி சொன்னால் இடிக்கிறேன் என்று மச்சானிடமிருந்து பதில் வந்தது.

சௌந்தரபாண்டியனுக்குத் தலை சுழன்றது. டியூபோடு ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். "எட்டிப் போங்க எல்லாரும்! இந்தத் தொட்டிய இன்னைக்கு ரெண்டாப் பொளக்கலைன்னா நான் சௌந்தரபாண்டியன் இல்ல!"

யாரும் தடுக்கவில்லை. தொட்டியின் அந்தப் பக்கம், சந்தில், தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பொன்னுத்தாய், வெள்ளைத்தாய், இன்னும் யார் யாரோ. எல்லார் இடுப்பிலும் குடம். அவரையே பார்த்தார்கள். கடப்பாரை தலைக்குமேல் நின்றது. தொட்டித் தண்ணீரில் அவருடைய முகம் தெரிந்தது; ஓடின ஓட்டத்தில் அக்குளுக்கு ஏறிவிட்ட லாரி டியூபும், நெற்றியில் ஆரத்திப் பொட்டுமாக. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த மனுஷனால் ஓங்க முடியும்? இறக்கினார்.

கோகிலாம்பாள் பக்கத்தில் வந்தாள். மெதுவாகக் கடப்பாரையை வாங்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சே செஞ்சியா?" என்றார்.

"தெரியாமச் செய்வேனா? கண்மாயில ரெண்டு ஆள் ஆழம் தண்ணி. உங்களுக்கு ஒரு சாண் நீந்தத் தெரியாது. டிரில் மாஸ்டருக்கும் தெரியாது. ரங்கூன்காரருக்குச் சுத்தமாத் தெரியாது. நீங்க அங்கன முங்கிப் போயிட்டா இங்கன நான் ஆருகிட்டச் சண்டை போடுறது? மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு. அதான் வாசலைக் காமிச்சேன். நீங்கதான் மேல உக்காந்து தண்ணி ஊத்துனீக."

சௌந்தரபாண்டியனால் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. கண்மாய்ப் பக்கமிருந்து காத்திருந்த கூட்டத்தின் சத்தம் லேசாகக் கேட்டது. ஐயாத்துரை டியூபைக் கழற்றி, வால்வைத் திருகிக் காற்றை இறக்கினார். அது ரொம்ப நேரம் உஸ்ஸென்று இறங்கியது.

"அப்ப என் தோணி?" என்றார் சௌந்தரபாண்டியன், பரிதாபமாக. "அதுக்கு என்ன வழி கோகிலா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க வாசல்லயே நின்னுக்கிட்டிருக்காம, பலகை காயறதுக்குள்ள அதுல தண்ணிய ஊத்துங்க. தொட்டி குடிக்கிறதுக்கு, தோணி புழங்குறதுக்கு."